தூண் எழும்பிவிட்டது

டெண்டர் வழக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "சார், நம்ம ரேட்டுதான் கம்மி" என்றுதான் தொடங்குவார்கள். ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கான்ட்ராக்டருக்கு அதைக்கூடச் சொல்ல வழியில்லை. அவருடைய விலை உறையைப் பிரிக்கவே இல்லை.

அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் பிறந்து, சென்ட்ரிங் வேலைக்குப் போய், பிறகு சொந்தமாக கான்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கியவர். வேறொரு மீனவ ஊரில் வலை பின்னும் கூடம் கட்ட டெண்டர் வந்தது. இரண்டு உறை முறை. தொழில்நுட்ப உறையில் தேறினால்தான் விலை உறை திறக்கும். ஒத்த வேலை செய்த அனுபவம் கேட்டிருந்தார்கள். இவர் வைத்தது மீன் ஏலக்கூடம் கட்டிய சான்றிதழ். 'ஒத்த வேலை அல்ல' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள்.

வழக்கில் அரசுத் தரப்பு போட்ட பதில் மனுவோடு வந்த மதிப்பீட்டுப் பட்டியலைப் புரட்டினேன். வேலை கிடைத்தவர் வைத்திருந்தது பேருந்து நிழற்குடைச் சான்றிதழ். அதற்கு நேரே டிக்! டெண்டர் ஆவணத்தில் சொன்ன அளவுகோல்படிதான் மதிப்பிட வேண்டும் என்கிறது தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998.

1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு எல்லா வக்கீலுக்கும் மனப்பாடம். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களின் செல்போன் உரிமம் பற்றிய வழக்கு அது. முடிவு சரியா என்று கோர்ட் பார்க்காது, முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கும். எங்களிடம் இருந்ததும் அந்த 'விதம்'தான்.

இல்லாதது நேரம். நிராகரிப்பு உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்கிறது அதே ஒப்பந்தப்புள்ளிகள் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. "பார்த்துக்கலாம்னு சொன்னாங்க சார்" என்று நம்பி, இவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டார். அதனால் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டோம்.

ரமணா தயாராம் ஷெட்டி தீர்ப்பை எடுத்து வைத்தேன். பம்பாய் விமான நிலைய உணவக டெண்டர். தானே விதித்த தகுதியை அரசு அமைப்பு மீறக்கூடாது என்று 1979-இல் சொன்ன தீர்ப்பு. அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே அதே தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் படித்தார். மனுதாரர் ஐந்து மாதத்துக்கு மேல் தாமதமாக வந்தார், அதற்குள் எதிர்த்தரப்பு பணம் போட்டுவிட்டது; அவற்றையும் கணக்கில் எடுத்து உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தைத் தொட மறுத்திருந்தது. கூடவே வலை பின்னும் கூடத்தின் நான்கு போட்டோக்களை நீட்டினார். தூண்கள் எழும்பி, கம்பி கட்டியிருந்தது.

மதிப்பீட்டில் பாரபட்சம் தெரிகிறது என்று நீதிபதி பதிவு செய்தார். ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. நஷ்டஈடு வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். "தப்புன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எப்படி சார் தோத்தோம்?" என்றார் கட்சிக்காரர். நீதிபதியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒர்க் ஆர்டரை அவசரமாகக் கொடுத்துவிட்டால் கோர்ட் தயங்கும் என்பதை ஆபீஸ்கள் நன்றாகவே கற்று வைத்திருக்கின்றன. 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் என்.ஜி. ப்ராஜெக்ட்ஸ் தீர்ப்பு வந்தபின் கட்டுமான டெண்டருக்குத் தடை வாங்குவது இன்னும் கடினம்.

டெண்டர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், உத்தரவு வந்த தேதியைக் குறித்து வையுங்கள், பத்து நாளுக்குள் மேல்முறையீட்டைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அதிகாரியைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.