'காணும்' எண்டு சொல்ல ஒரு இயந்திரம்

2021ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில், கணினித் திரை ஒருவரிடம் தண்ணீர் வேணுமா எண்டு கேட்கிறது. அவர் பதில் சொல்கிறார்: இல்லை, எனக்குத் தாகம் இல்லை.

இதில என்ன புதினம் எண்டு நினைப்பீங்கள். அந்த மனிதர் பதினைந்து வருசத்துக்கு மேலாக ஒரு சொல்லும் பேசியதில்லை. 2003இல், இருபது வயதில், ஒரு வாகன விபத்துக்குப் பிறகு வந்த பாரிசவாதம் அவருடைய மூளைத்தண்டைத் தாக்கியது. பஞ்சோ என்ற பட்டப்பெயரில்தான் உலகம் அவரை அறியும். தொப்பியில் பொருத்திய ஒரு குச்சியால் திரையில் எழுத்து எழுத்தாகத் தட்டித்தான் அதுவரை தன் எண்ணத்தைச் சொல்லி வந்தார்.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சாங் என்ற மருத்துவரின் குழு, பஞ்சோவின் மூளையின் மேற்பரப்பில் மின்வாய்கள் கொண்ட ஒரு மெல்லிய தகட்டை வைத்தது. நாக்கு, உதடு, குரல்வளைக்குக் கட்டளை போகிற இடம் அது. கட்டளை வாய்க்குப் போய்ச் சேராவிட்டாலும் மூளை அதை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அவர் ஒரு சொல்லைச் சொல்ல முயல்வார். கணினி அந்தச் சமிக்ஞையைப் பிடித்து, எந்தச் சொல் எண்டு கணிக்கும். மனசில ஓடுற எல்லாத்தையும் வாசிக்கிற மந்திரம் இல்லை இது. பேச எடுக்கிற எத்தனத்தைத்தான் பிடிக்கிறது. முதலில் அவருக்குக் கிடைத்தவை 50 சொற்கள்.

ஐம்பது! ஹொஸ்டலில் ஒருநாள் இரவு நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பட்டியல் எழுதிப் பார்த்தோம். அம்மா, தண்ணி, பசி, நோகுது, லைட், கழிப்பறை. எல்லாரும் கேட்கிற சொற்களைத்தான் முதலில் எழுதினோம். மட்டக்களப்புக்காரி ஒருத்திதான் "வேண்டாம்" எண்டு எழுதியிருந்தாள். அதைப் பார்த்த பிறகு மற்ற மூண்டு பட்டியலும் குறைப்பட்டதாகத் தெரிந்தது. தண்ணி தரவோ எண்ட கேள்விக்கு மறுக்க முடியாவிட்டால், அது கேள்வியே இல்லைத்தானே?

எனக்கு இது வீட்டு விசயமும்தான். அப்பப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வாயும் வலக்கையும் போய்விட்டன. விளக்கம் ஒண்டும் போகேல்ல. பாக்க வாற சனம் அவருக்கு முன்னாலேயே நிண்டு அப்பம்மாவிடம் கேட்கும்: "அவர் சாப்பிடுறவரோ? ஆக்களைத் தெரியுதோ?" அப்பம்மா ஒரே பதில்தான் வைத்திருப்பா: "அவரிட்டையே கேளுங்கோ." பிறகு அவவே குனிந்து, "இஞ்சாருங்கோ, கதிரையை ரோட்டுப் பக்கம் திருப்பவோ?" எண்டு கேட்பா. ஒருக்கா கண்ணை மூடினால் ஓம். இரண்டு தரம் மூடினால் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த இரண்டு தரத்துக்கு "காணும்" எண்டு அர்த்தம். சுகமாக இருந்த காலத்தில் கோப்பைக்கு மேலே கையை வைத்து அவர் சொல்கிற சொல் அது.

2024இல் கேசி ஹரல் என்ற அமெரிக்கரைப் பற்றி வாசித்தபோது இந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது. தசைகள் படிப்படியாகச் செயலிழக்கிற ஏஎல்எஸ் நோய் அவருக்கு. மூளையில் 256 மின்வாய்கள். 125,000 சொற்களிலிருந்து அவர் சொல்ல முயல்வதைக் கணினி 97 வீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோய்க்கு முன்னான ஒலிப்பதிவுகளை வைத்து அவருடைய பழைய குரலிலேயே அதை வாசிக்கவும் செய்கிறது.

ஆனால் அந்தக் கணினி மூளையிலிருந்து முதலில் எடுப்பது ஆங்கிலத்தின் ஒலிகளை. அவற்றைச் சொல்லாகவும் வசனமாகவும் கோர்க்க, எந்தச் சொல்லுக்குப் பிறகு எது வரும் எண்டு ஏராளமான எழுத்திலிருந்து படித்த ஒரு மொழி மாதிரி வேண்டும். தமிழுக்கு அப்படியொன்று செய்தால் எந்தத் தமிழைப் படிப்பிப்பது? நாங்கள் எழுதுகிற மாதிரிக் கதைக்கிறதில்லை. அப்பப்பா "காணும்" எண்டு முயன்றால், செய்தித்தாளில் வளர்ந்த இயந்திரம் அதைப் "போதும்" எண்டு திருத்திவிடும். "ஓமோம்" என்பது "ஆம்" ஆகும். அதுவும் தமிழ்தான். ஆனா அவர் அப்பிடிக் கதைக்கிற ஆளில்லை.

இது பஞ்சோவுக்கும் நடந்ததுதான். அவருடைய தாய்மொழி ஸ்பானிய மொழி; ஆங்கிலம் பாரிசவாதத்துக்குப் பிறகு படித்தது. முதல் 50 சொற்களும் ஆங்கிலம். 2024இல்தான் அதே குழு இரண்டு மொழியிலும் இயங்குகிற முறையை வெளியிட்டது. எந்த மொழியில் பேச நினைக்கிறார் என்பதையும் அது கணித்துக்கொள்கிறது. ஒருவருடைய குரல் எண்டால் அவருடைய மொழியும் சேர்த்துத்தான் என்பதை ஆய்வுகூடமும் ஏற்றுக்கொண்டது.

இவை இன்னும் ஆய்வில் பங்குபற்றும் சிலருக்கே கிடைத்தவை. மண்டையோட்டைத் திறக்கிற சத்திரசிகிச்சையும் தேவை. எங்கட ஊருக்கு எப்ப வருமோ தெரியாது. ஆனால் இப்பவே செய்யக்கூடியவை இருக்கு. வீட்டிலுள்ள வயசானவர்களின் பேச்சை, அவர்கள் கதைக்கிற மாதிரியே, போனில் பதிந்து வைக்கலாம். ஒரு எழுத்து அட்டையும் செய்யலாம். 247 எழுத்தையும் அடுக்கத் தேவையில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் காணும். முதலில் மெய்யைக் காட்டி, பிறகு உயிரைக் காட்டி, கண் எங்கே மூடுகிறது எண்டு பார்க்கவேண்டியதுதான். ஒரு வசனத்துக்கு அரை மணித்தியாலமும் எடுக்கலாம். அவ்வளவு நேரம் பக்கத்தில இருந்து, இடையில் அவருடைய வசனத்தை நாங்களே முடித்துவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேணும்.