திருப்பி அனுப்பிய கோப்பு

போன வாரம் மாலை நடை முடிந்து வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பையன், கல்லூரியில் படிப்பவன், செல்போனை நீட்டினான்.

"தாத்தா, நீங்க பிரெஞ்சு படிச்சவருதானே? இந்தப் பேரு வாயில நுழைய மாட்டேங்குது."

அழான்ஸ் ஃப்ரான்சேஸ் து தெவலப்மான். சத்தமாகப் படித்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். எழுபது வயதைத் தாண்டியபின் அந்த மொழியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வாய்ப்பு கிடைப்பதே அபூர்வம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசாங்க எழுத்தராக வேலை பார்த்து, ஓய்வுபெற்று மனைவியின் ஊரான மதுரைக்கு வந்தவன் நான். இங்கே அதைப் பேச ஆள் இல்லை.

"பிரான்ஸ் அரசாங்கத்தோட வளர்ச்சி வங்கிப்பா" என்றேன்.

"அதுக்கும் மதுரைக் குப்பைக்கும் என்ன தாத்தா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. சிட்டிஸ் 2.0 என்று மத்திய அரசின் திட்டம் ஒன்று. 2023 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பிரெஞ்சு வங்கி 10 கோடி யூரோ, ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி 10 கோடி யூரோ கடன்; ஐரோப்பிய ஒன்றியம் 1.2 கோடி யூரோ மானியம். குப்பையைப் பிரித்து மறுபடி பயனுக்குக் கொண்டுவரும் வேலைக்கும், பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் வேலைக்கும் இந்தப் பணம். நகரங்கள் போட்டி போட்டு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வான 18 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து மதுரையும் தஞ்சாவூரும் உண்டு. இதற்கு முந்தைய சுற்றில் 12 நகரங்கள். அதில் என் புதுச்சேரி இருந்தது.

பையன் விடவில்லை. "நம்ம ஊருதானே சுத்தத்துல கடைசி? அதுக்கு எப்படிக் கொடுத்தாங்க?" என்றான். உண்மைதான். 2025 ஜூலையில் வெளியான ஸ்வச் சர்வேக்ஷண் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரைக்கு 40-ஆவது இடம். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நோயாளிக்குத்தானே மருந்து. தெற்கிலிருந்து காற்று திரும்புகிற ராத்திரிகளில் வெள்ளக்கல் கிடங்கு இருக்கும் திசையை எங்கள் மூக்கே சொல்லிவிடும்.

வில்லாபுரத்துக்காரர்களுக்கு இந்த விஷயங்கள் ஒன்றும் புதிதல்ல. இங்கே ஒரு காலத்தில் கண்மாய் இருந்தது என்று என் மாமனார் சொல்வார். கண்மாய் போய் வீடுகள் வந்தன. பக்கத்து அவனியாபுரத்தில், ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைப் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்த பண்ணை வெகுகாலம் இருந்தது. மதுரையின் பழைய பகுதியில் பாதாள சாக்கடை 1920-களிலேயே போடப்பட்டது. அதன்பின் ஊர் எங்கெங்கோ வளர்ந்தது. குழாய் அந்த வேகத்தில் வளரவில்லை. அதற்கு வேண்டிய பணம் எந்த நகராட்சியின் கஜானாவிலும் இருந்ததில்லை. டெல்லியிடம்தான் கையேந்த வேண்டும்.

அந்தக் கையேந்தல் எப்படி நடக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். 2005 டிசம்பரில் ஜவஹர்லால் நேரு பெயரில் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் வந்தது. நாடு முழுக்க 63 நகரங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை மூன்றும், தனியாகப் புதுச்சேரியும். மதுரை அளவுள்ள நகரத்துக்கு நூறு ரூபாய் வேலை என்றால் மத்திய அரசு 50, மாநில அரசு 20, மீதி 30 ரூபாயை ஊரே புரட்ட வேண்டும். அவனியாபுரத்தில் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமும், சக்கிமங்கலத்தில் இன்னொன்றும் அந்தப் பணத்தில் வந்தவை.

பணமும் ஒரே தவணையில் வராது. நான்கு தவணை. முதல் தவணையில் 70 சதவீதம் செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்று போனால்தான் அடுத்தது. கூடவே நிபந்தனைகள்: சொத்துவரியைச் சீர்செய், கணக்கை இரட்டைப் பதிவு முறைக்கு மாற்று, தண்ணீருக்குக் கட்டணம் வாங்கு. 2022-ல் சொத்துவரி உயர்ந்தபோது நம் தெருவில் எழுந்த கூச்சல் நினைவிருக்கும். 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1800-க்கு மேல் போனால் நூறு சதவீதம். அதற்கும் பதினைந்தாவது நிதிக்குழுவின் நிபந்தனையைத்தான் அரசு காரணமாகச் சொன்னது. மானியம் என்ற சொல்லில் 'இனாம்' இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு முறை அந்தக் கோப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் வேண்டும்.

பிறகு 2015 ஜூன் 25-ல் ஸ்மார்ட் சிட்டி, அம்ருத் இரண்டும் ஒரே நாளில் தொடங்கின. ஸ்மார்ட் சிட்டிக்கு மதுரை 2016 செப்டம்பரில் தேர்வானது. ஐந்து வருடத்துக்கு மத்திய அரசு 500 கோடி, அதே அளவு மாநிலப் பங்கு. பெரியார் பஸ் நிலையம் புதிதானது இதில்தான். அம்ருத் பணத்தில் லோயர் கேம்பிலிருந்து முல்லைப் பெரியாறு தண்ணீர், நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர். இரண்டில் எது உசத்தி என்று என்னைக் கேட்டால் தண்ணீரையே சொல்வேன். பஸ் நிலையம் கண்ணுக்குத் தெரியும், குழாய் தெரியாது. ஆகவே திறப்பு விழாக்காரர்கள் பஸ் நிலையத்தைத்தான் சொல்வார்கள்.

இவ்வளவும் பையனிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1980-களின் நடுவில். உலர் கழிப்பிடங்களை ஒழித்து, தண்ணீர் ஊற்றும் கழிப்பிடங்களாக மாற்ற மத்திய அரசு பணம் கொடுத்த காலம். ஒரு சிறிய ஊரின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. ஊரின் பெயர் வேண்டாம். சுமார் அறுபது வீடுகள். பட்டியல் சரி, மதிப்பீடு சரி. தீர்மான நகலில் கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. கையெழுத்தின் கீழே தேதி இல்லை.

எங்கள் பள்ளியில் திக்தே உண்டு. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். ஒரு உச்சரிப்புக் குறி விட்டாலும் சிவப்பு மை. பிழை பிடிப்பதுதான் படிப்பு என்று எனக்குள் ஊறிவிட்டது. பிறகு ஆங்கிலக் குறிப்பெழுதக் கற்றபோதும் அந்தச் சிவப்பு மை என் கையிலேயே இருந்தது. 'தேதியிட்டு மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதி அனுப்பினேன். மார்ச் மாதம் மூன்றாம் வாரம். பக்கத்து மேஜைக்காரர், "முசே, ஒரு ஆளை அனுப்பித் தேதி போட்டு வாங்கிக்கலாமே" என்றார். விதியை எடுத்துக் காட்டினேன்.

கோப்பு ஏப்ரல் ஆறாம் தேதி திரும்பி வந்தது. மார்ச் 31-ஓடு அந்த ஆண்டின் ஒதுக்கீடு போயிருந்தது.

மேலதிகாரி கோபிக்கவில்லை. விதிப்படி நான் செய்தது சரி. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அடுத்த ஆண்டு வருவதற்குள் ஒரு கல்யாணத்துக்காக நான் அதே ஊருக்குப் போக நேர்ந்தது. விடியற்காலை கொல்லைப்புறச் சந்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் வந்தார். இடுப்பில் வாளி, கையில் தகரத் துண்டு, முந்தானையால் மூக்கைச் சுற்றியிருந்தார். என் அம்மா வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி, நான் போகட்டும் என்று நின்றார். நான் போகவில்லை. அவரும் அசையவில்லை. கடைசியில் நான்தான் உள்ளே வந்துவிட்டேன். பந்தியில் உட்கார முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிப் பஸ் ஏறினேன். மனைவிக்குக்கூட இதை ரொம்ப வருடம் கழித்துத்தான் சொன்னேன்.

இப்போது எங்கள் சந்தின் கடைசி ஒன்பது வீடுகள் பாதாள சாக்கடை இணைப்புக்கு மனு எழுதியிருக்கின்றன. இன்னும் செப்டிக் டேங்க்தான். மழை வந்தால் பொங்கும். மூலை வீட்டில் இட்லி விற்கும் அம்மாவுக்கு வைப்புத்தொகை கட்டுவது சிரமம். "அண்ணே, தவணையில கட்டலாமான்னு கேட்டு அதையும் ஒரு வரி எழுதுங்க" என்றார். எழுதினேன். அரசாங்கத்தில் வேலை பார்த்தவர் என்று மனுவைச் சரிபார்க்கும் வேலையையும் என்னிடமே விட்டுவிட்டார்கள்.

நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்பது கையெழுத்து. இரண்டில் தேதி இல்லை. ஒன்றில் கதவு எண் தப்பு. மணி ஒன்பதரை. சட்டையை மாட்டிக்கொண்டு பேனாவோடு கிளம்பினேன்.

"ஏங்க, காலையில போகக்கூடாதா?" என்றாள் மனைவி.

முதல் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது வீட்டுக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பத்தான் வேண்டியிருந்தது.