ஐந்து பாகை

மன்னார்த் தீவில் நன்னீர் எளிதிற் கிடைக்கும் பொருளன்று. மாரியிற் பெய்யும் மழை மணலுள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அதைத்தான் நம் கிணறுகளில் மொள்ளுகிறோம். அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறிவிடும். இத்தகைய ஊரில் ஒழுகுங் குழாயைக் கண்டுங் காணாதார்போல் இருப்பது தகாது. பேசாலையிற் குழாய் பொருத்திப் பிழைப்பவன் என்பதால் இதை என் கூலிக்காகச் சொல்கிறேன் என்று எவரும் எண்ணலாம், எண்ணட்டும்.

ஒழுக்குக்குக் காரணம் பெரும்பாலும் உப்பே. பித்தளை என்பது செம்பும் நாகமுங் கலந்த உலோகம். உவர்நீர் நாகத்தைக் கரைத்துக்கொண்டுபோக, செந்நிறமான, பொறுக்குப் போன்ற செம்பு எஞ்சும். புறத்தே முழுமையாகத் தோன்றும் வால்வு, கையில் எடுத்ததும் உடையும். ஆயின் நான் சொல்லப்போகும் ஒழுக்கில் உப்புக்குப் பங்கில்லை.

வீட்டுக்காரியான அம்மா ஐயம் மிகுந்தவர். வாசலிலேயே என் பையைத் திறந்து காட்டச் சொன்னார். “உள்ள கொண்டு போறதை நான் பாக்கோணும் தம்பி, வெளியில கொண்டு போறதையும் பாக்கோணும்” என்றார். இத்தகையோரைக் கண்டால் எங்கள் தொழிலிலுள்ளோர் சலித்துக்கொள்வர். எனக்கு அந்தச் சலிப்பில் உடன்பாடில்லை. கடற்படைக்கும் புலிகளுக்குங் கடலில் மோதல் நடந்த 2006 ஜூன் 17 அன்று, பேசாலை வெற்றி அன்னை ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனங்கள்மீது குண்டு வீசப்பட்டது. அதன்பின் படகேறி அக்கரை சென்றவர்களுள் இவரும் ஒருவர். படகுக்காரன் முதல் காணிப் பத்திரம் எழுதியவன்வரை முன்பணம் வாங்கியவர் பலர். சொன்னபடி செய்தவர் சிலர். மண்டபம் முகாமில் ஒரு குடந் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண், திரும்பி வந்து கட்டிய வீட்டில் தனக்கென ஒரு சவரை வைத்துக்கொண்டால், அதை ஆடம்பரமென்று பழிக்க எனக்கு நா எழாது.

அந்தச் சவரின் வால்வு கனடாவிலிருந்து மகன் அனுப்பியது. நல்ல கனமான பித்தளை. வெந்நீருக்கென அதில் இன்னொரு வாயும் உண்டு. அதை அடைத்து வைத்திருந்தார்கள். (பங்குனி வெயிலிற் கூரைத்தொட்டி தரும் நீருக்கு மேலும் வெம்மை எதற்கு?) பூட்டிய நாள்முதல் சுவர் நனைந்தது. எனக்கு முன் மூவர் வந்து, ரேப் சுற்றி, முறுக்கிப் போயினர். ஒவ்வொருவர் வேலையும் சில நாள் தாங்கியது. பின்னர் மீண்டும் ஈரம். முதலிருவர் கூலி பெற்றனர். மூன்றாமவன் ஓர் இளைஞன், வெறுங்கையுடன் அனுப்பப்பட்டான். “கள்ளப் பெடியன்” என்ற பெயரும் அவனோடு தெருவுக்குப் போயிற்று.

ரைல்ஸை உடைக்காமல், வெளிப்புறச் சுவரில் ஒரு சாண் பூச்சைக் கொத்தி எடுத்துப் பார்த்தேன். வால்வு பழுதின்றி இருந்தது. எஸ்லோன் சொக்கற்றில் மயிரிழை வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. பொருந்தாத இடத்தில் முறுக்கியதற்கு அது சான்று. வால்வைக் கழற்றி அதன் திருகுபுரியை அளவுத்தகட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது.

இங்கே சற்று வரலாறு சொல்லவேண்டும். 1841இல் இங்கிலாந்தில் யோசெப் விற்வேர்த் என்பவர் திருகுபுரிகளுக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையைப் பரிந்துரைத்தார். பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்ட இலங்கைக்கு அவர்கள் குழாயும் அதன் கோணமும் வந்துசேர்ந்தன. ஆட்சி போனபின்னும் கோணம் போகவில்லை. கனடாவின் குழாய்களோ அமெரிக்க வழியிற் சென்றன. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் ஆணிகளே ஒன்றுக்கொன்று பொருந்தாமற் பட்ட தொல்லையின் பயனாக, 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் பொது அளவொன்றுக்கு உடன்பட்டன. அது ஆணிகளுக்கே, குழாய்கள் பழையபடியே பிரிந்து நின்றன. அரை அங்குலக் குழாயில் இரு முறைக்கும் அங்குலத்துக்குப் புரி 14தான். விட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே ஒன்று மற்றதனுள் ஏறும். இறுகியது போலவும் தோன்றும். ஐந்து பாகை இடைவெளியில் நீர் புரியைப் பற்றிச் சுற்றிச் சுற்றி வெளியேறும். ரேப் அதைச் சில நாள் மறைக்குமேயன்றித் தடுக்காது.

இதை அம்மாவிடம் வாயாற் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. “நல்ல சாமானைக் கழட்டி வித்துப்போட்டு, உள்ளூர்ச் சாமானைப் பூட்டப் போறியோ?” என்று முகத்துக்கு நேரே கேட்டார். அளவுத்தகட்டையும் வால்வையும் அவர் கையிற் கொடுத்து, யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொன்னேன். 55 பாகைத் தகட்டில் பல்லுக்கும் புரிக்கும் இடையே ஒளிக்கீற்றுத் தெரிந்தது. 60 பாகைத் தகட்டில் இருள். இருமுறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வலை பொத்திய கை அது. “கண் ஒண்டுதான் தம்பி, முடிச்சுத்தான் வேற” என்றார். நான் அரை நாள் விளக்கியிருந்தாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

இரு புரிகளையும் இணைக்கும் மாற்றுத்துண்டு ஒன்று உண்டு. மன்னாரில் அது கிடைக்கவில்லை. உள்ளூர் வால்வொன்றைப் பற்றுச்சீட்டோடு வாங்கிவந்து, புதிய சொக்கற்றோடு பூட்டினேன். கையால் இறுக்கி, பின் சாவியால் ஒரு சுற்றுக்குச் சற்றே கூட. பிளாத்திக்கு அதற்குமேல் தாங்காது. கொத்திய சுவரைப் பூசாமல் விட்டு, இணைப்பின்கீழ்ப் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, தொட்டியை நிரப்பிவிட்டு, “காசு நாளைக்குத் தாருங்கோ அம்மா” என்று சொல்லி வந்தேன். மறுநாட் காலை தாளைத் தடவிப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு, எண்ணிக் கொடுத்தார். கனடா வால்வு துணியிற் சுற்றப்பட்டு அலுமாரிக்குள் போயிற்று.

அந்த இளைஞனைப் பற்றியும் பேசினேன். தந்தையோடு கடலுக்குப் போய்க்கொண்டு, கரையில் நிற்கும் நாட்களில் இந்த வேலையைக் கற்றவன் அவன். அவன் சுற்றிய ரேப் ஒழுங்காகவே இருந்தது. வலஞ்சுழியாக, புரியோடு படிந்து. அளவுத்தகடு அவனிடம் இல்லை. யாரும் அவனுக்கு அதைக் காட்டியதுமில்லை. முதலிருவர் வாங்கிய கூலிக்கு எந்தக் குறையும் இல்லாதவன் அவன் மட்டும் ஏன் கள்ளனானான் என்று கேட்டேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவன்ர தாயைக் கோயிலில காணுறனான்” என்றார்.

அளவுத்தகட்டை இப்போது அவனிடந்தான் கொடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு இரண்டு கழிந்துவிட்டன. கூலி இன்னும் அவன் கைக்கு வரவில்லை.