ஜாணுக்க மவன்

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர்களின் பெயர்களை ஒரு பழைய டயரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 1838இல் தொடங்கிவைத்த ராம்சே. பிறகு லோ, ஃப்ரை, பியூ, சாமர்வெல். ஊரில் யாரைக் கேட்டாலும் கடைசிப் பெயரைச் சொல்வார்கள். எவரெஸ்ட் ஏறப் போனவர், இங்கே வந்து கத்தியைப் பிடித்தவர். ஜெயமோகனின் ‘ஓலைச்சிலுவை’ படித்தவர்களுக்கு வெளியூரிலும் அவரைத் தெரியும். அவருக்கு முன்னால் ஆஸ்பத்திரியின் பாரத்தைச் சுமந்தவர் டாக்டர் பியூ. 1922இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து சாமர்வெல் நெய்யூரை எட்டிப் பார்க்க வந்தபோது இங்கே இருந்தவர் அவர்தான். அவரைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

பியூ. ஒரு தும்மல் அளவுக்குச் சின்னப் பெயர். அதற்குள் ஒரு தகப்பனும் மகனும் இருக்கிறார்கள்.

*

அது வேல்ஸ் நாட்டுப் பெயர். வேல்ஸ் மொழியில் மகனை ‘மாப்’ என்பார்கள். தகப்பன் பெயருக்கு முன்னால் வரும்போது முதலெழுத்து உதிர்ந்து ‘அப்’ ஆகிவிடும். ஹியூ என்பவரின் மகன் ‘அப் ஹியூ’. வாயில் புரண்டு புரண்டு அகரமும் தேய்ந்து, மிச்சம் நின்ற பகரம் ஹியூவோடு ஒட்டிக்கொண்டது. பியூ!

இதே வழியில் ரீஸ் மகன் பிரைஸ், ஹவெல் மகன் பவல், ஹாரி மகன் பாரி, ரிச்சர்ட் மகன் பிரிச்சர்ட், ராபர்ட் மகன் புரோபர்ட். தகப்பன் பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் பகரம் மெலிந்து ஒலிக்கும்: ஓவன் மகன் போவன், எவான் மகன் பெவன். வன்மைக்கும் மென்மைக்கும் அவர்களுக்கு வேறுவேறு எழுத்து வேண்டும். நமக்கு ஒரே ‘ப’ போதும். பிரிட்டனில் எல்லாருக்கும் கட்டணமில்லாத வைத்தியத்தை 1948 ஜூலை 5 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த அமைச்சர் அனெய்ரின் பெவன் இந்த எவான் மகன் வகைதான்.

மகளுக்கு ‘வெர்க்’. இன்ன பெண், இன்னார் மகள் என்று அதுவும் பெயரோடு வந்தது. கல்யாணம் ஆனாலும் பெண் தகப்பன் பெயரோடேயே இருந்தாள். பிற்பாடு ஆங்கில வழக்கம் வந்து அதை விழுங்கிவிட்டது. மகன்கள் பியூவாகவும் பாரியாகவும் மிஞ்சினார்கள். எந்த மகளும் குடும்பப் பெயராக மிஞ்சவில்லை.

*

இன்னொரு வழியும் இருந்தது. முன்னால் ‘அப்’ போடாமல் தகப்பன் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தின் ‘ஸ்’ஸைச் சேர்ப்பது. ‘உடைய’ என்று பொருள். ஜானுடைய மகன் ஜோன்ஸ். டேவிட் மகன் டேவிஸ், எவான் மகன் எவான்ஸ், ஹியூ மகன் ஹியூஸ்.

இதைப் படித்த அன்று நான் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். ஏனென்றால் இது நம்முடைய கல்குளம் வட்டாரப் பேச்சு. எனக்க, ஒனக்க, அவனுக்க. “நீ ஆருக்க மவன்டே?” என்று கேட்டால், “ஜாணுக்க மவன்” என்போம். அதில் மவனை விட்டுவிட்டால் மிஞ்சுவது ‘ஜாணுக்க’. அதுதான் ஜோன்ஸ். ஒரு எழுத்துக்கூட மிகைப்படுத்தவில்லை. அந்தப் பெயருக்கு இதைவிடச் சரியான மொழிபெயர்ப்பை எந்த அகராதியிலும் பார்க்க முடியாது.

ஒரே தகப்பன் பெயர் இப்படி இரண்டு குடும்பப் பெயர்களைப் பெற்றது. ஹியூஸும் பியூவும், எவான்ஸும் பெவனும், ஹாரிஸும் பாரியும், ராபர்ட்ஸும் புரோபர்ட்டும் ஆளுக்கு ஆள் அண்ணன் தம்பி.

*

குடும்பப் பெயர் என்பதே வேல்ஸுக்குப் பிந்தி வந்த சரக்கு. அதற்கு முன் சங்கிலிதான்: இன்னார், அவர் அப்பன் இன்னார், அவருக்கு அப்பன் இன்னார். நாலைந்து தலைமுறையை ஒரு மூச்சில் சொல்வார்கள். நிலத்தில் பங்கு கேட்கவும், வழக்கில் சாட்சி நிற்கவும் அந்தச் சங்கிலி தேவைப்பட்டது. 1536, 1543 ஆண்டுச் சட்டங்களால் வேல்ஸ் முழுவதும் ஆங்கில ஆட்சிக்கும் ஆங்கில நீதிமன்றத்துக்கும் கீழே வந்தது. எழுத்தர்களுக்கு அத்தனை நீளப் பெயர் தொல்லை. கடைசியில் எந்தப் பெயர் நின்றதோ அதையே குடும்பத்துக்கு நிரந்தரமாக்கினார்கள். பண்ணையார்கள் முதலில் மாறினார்கள். மலைப்பக்கத்து ஏழைகள் 1800க்கு அப்புறமும் பழைய முறையிலேயே இருந்தார்கள்.

இந்த உறைதல் நடந்ததை ஒரு குடும்பத்தில் கண்ணால் பார்க்கலாம். ஆங்கில்சி தீவில் ஜான் ஜார்ஜ் என்ற எளிய குடியானவர். அவர் மகன் வில்லியம், 1675இல் பிறந்தவர். தகப்பன் ஜான் என்பதால் வில்லியம் ஜோன்ஸ். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்குமான விகிதத்துக்கு ‘பை’ என்ற கிரேக்க எழுத்தை 1706இல் முதன்முதலில் போட்டவர் அவரே. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் எழுதிய அதே பை. அவருடைய மகனும் வில்லியம். பழைய முறைப்படி தகப்பன் வில்லியமுக்குப் பிறந்தவர் வில்லியம்ஸ் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. லண்டனில் பிறந்த பிள்ளை. பெயர் அதற்குள் கெட்டிப்பட்டுவிட்டது. அவரும் ஜோன்ஸ்தான். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்து, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று 1786இல் உரையாற்றிய சர் வில்லியம் ஜோன்ஸ். ‘ஜானுக்க மகன்’ என்ற பெயரோடு இந்தியாவுக்கு வந்தவர் ஜானின் பேரன்.

*

தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக உறையவைத்ததன் விளைவு: பெயர்கள் போதாமல் போயின. ஊரில் வழங்கிய ஞானஸ்நானப் பெயர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சமே குடும்பப் பெயர்களாகவும் ஆனதால், ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவான்ஸ், தாமஸ் என்ற சில பெயர்களுக்குள் ஒரு தேசமே அடங்கிவிட்டது. இன்றும் வேல்ஸில் ஏறக்குறைய இருபதில் ஒருவர் ஜோன்ஸ். பிரிட்டன் முழுவதிலும் ஸ்மித்துக்கு அடுத்த இடம் அதற்கு. இத்தனைக்கும் வேல்ஸ் மொழியின் பழைய நெடுங்கணக்கில் ஜோன்ஸுக்கான முதல் எழுத்தே கிடையாது. தங்கள் மொழியில் எழுத முடியாத பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறார்கள். 2006 நவம்பரில் கார்டிஃப் நகர அரங்கில் ஜோன்ஸ்களை மட்டும் அழைத்தபோது 1,224 பேர் கூடி உலகச் சாதனை படைத்தார்கள்.

வேல்ஸ் படைப்பிரிவுகளில் ஜோன்ஸ் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்களாம். அதனால் பட்டாள எண்ணின் கடைசி இலக்கங்களைப் பெயரோடு சேர்த்துக் கூப்பிடும் வழக்கம் வந்தது. ஊரிலோ தொழிலைச் சேர்த்தார்கள். பால் ஜோன்ஸ், ரொட்டி ஜோன்ஸ், தபால் ஜோன்ஸ். இல்லையென்றால் வீட்டின் பெயரை, பண்ணையின் பெயரை.

இந்த இடத்துக்கு வந்தபோது நெய்யூருக்குத் திரும்பிவிட்டதாகவே இருந்தது. எங்கள் தெருவில் தாசன் நாலு பேர். ஞானதாஸ், தேவதாஸ், யேசுதாஸ், கிறிஸ்துதாஸ் எல்லாம் கூப்பிடும்போது தாசன்தான். பிரித்தறிய வேண்டாமா? கம்பவுண்டர் வீட்டுத் தாசன். உபதேசியார் வீட்டுத் தாசன். கங்காணி வீட்டுத் தாசன். நாலாமவருக்கு விளையின் பெயர். விளை என்றால் எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் நிற்கும் மேட்டு நிலம். வீடும் அதற்குள்ளேயே இருக்கும். புளிமூட்டுவிளை, பனவிளை, கல்லுவிளை. வீட்டுப்பேரைச் சொன்னால் தபால்காரருக்கு வேறு விலாசம் வேண்டாம். கம்பவுண்டர் வீடு என்ற பேரில் மட்டும் ஒரு நூறு வருட ஆஸ்பத்திரிச் சரித்திரம் கிடக்கிறது. அந்த வீட்டில் இப்போது கம்பவுண்டர் யாரும் இல்லை. பேர் இருக்கிறது.

*

பெயர் எங்கே அடர்ந்து நிற்கிறது என்று பார்த்தால் ஊர் தெரியும். ஜோன்ஸுக்கு இது பொருந்தாது. ஜான் இல்லாத ஊர் இல்லை. பியூ அப்படியல்ல. அதன் மண் நடு வேல்ஸ். மான்ட்கோமரி, மெரியனெத் வட்டாரங்களில்தான் அது கூட்டமாக விளைந்தது. பாரி வடக்கில் அதிகம், பெவன் தெற்கில்.

பாரி என்றதும் நமக்கு முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல் நினைவுக்கு வரும். சென்னைப் பாரிமுனை அவர் பேரில் இருப்பதாக நினைக்கும் நல்ல மனிதர்களை நான் சந்தித்திருக்கிறேன். அது தாமஸ் பாரி. மான்ட்கோமரி வட்டாரத்துக்காரர், 1768இல் பிறந்தவர். 1788இல் சென்னையில் வணிகம் தொடங்கி, 1824இல் தமிழ்நாட்டிலேயே இறந்தார். ஹாரிக்க மவன். பியூவின் பெயர் விளைந்த அதே வட்டாரத்திலிருந்து ஒரு பெயர் சென்னைத் துறைமுகத்தின் எதிரே நின்றுவிட்டது. மற்றொன்று நெய்யூருக்கு வந்து மறந்துபோயிற்று.

1687இல் ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னரான எலிஹு யேல் இன்னொரு வகை. யேல் என்பது வட வேல்ஸின் ஒரு மேட்டு நிலத்தின் பெயர். விளைப்பேர்தான்! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அந்த விளையின் பேர்.

நாஞ்சில் நாட்டிலும் இந்தக் கணக்கு உண்டு. தாணு, தாணுமாலயன் என்று ஒருவரைச் சொன்னால் சுசீந்திரத்தின் கோபுரம் தெரிகிற இடத்துக் குடும்பம் என்று கொள்ளலாம். பூதலிங்கம் என்றால் பூதப்பாண்டி. கடற்கரையில் பெர்னாந்து என்றால் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொடுத்த ஞானஸ்நானம். ஜெபமணி, ஞானசிகாமணி என்றால் மிஷன் பள்ளிக்கூடம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பெயரைச் சொன்னதுமே எந்த நிறுத்தத்தில் இறங்குவார் என்று ஊகித்துவிடுகிற பெரியவர்கள் இங்கே இருந்தார்கள்.

*

மிஷனரி சார்லஸ் மீட் 1828இல் நாகர்கோவிலை விட்டு நெய்யூருக்குக் குடிவந்தார். அந்தக் காலத்து மிஷனில் ஒரு வழக்கம். இங்கிலாந்தில் ஒரு குடும்பமோ சபையோ ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டால், கொடுத்தவரின் பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைப்பார்கள். உபதேசிமாருக்கும் அப்படி வைத்ததுண்டு. முழுப்பெயர், குடும்பப் பெயரோடு. அவர்களுடைய குடும்பப் பெயர் நம்முடைய சொந்தப் பெயரானது அந்த வழியில்தான் என்று நினைக்கிறேன். இன்றும் இங்கே ஜோன்ஸ் என்பது ஆள் பெயர். வில்லியம்ஸும் டேவிஸும் வில்சனும் அப்படித்தான். வில்சன் என்றால் வில் என்பவரின் மகன். இங்கே வில்சனுக்குத் தகப்பன் பொன்னையன்.

இதைச் சிலர் அடிமைப் புத்தி என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். பழைய பெயரைச் சொன்னதும் சாதியைக் கண்டுபிடித்து வாசலிலேயே நிறுத்திய காலம் அது. ஒன்றையும் காட்டிக்கொடுக்காத ஒரு பெயர் கிடைத்தபோது அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர்களின் கணக்கு சரியானது.

*

அண்ணன் மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார்கள். இனிஷியலை விரித்து அண்ணன் பெயரை எழுதினான். இப்போது அவனுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கும் அதே கட்டம். அதே பெயர். காகிதத்தில் அவனும் பிள்ளையும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள்.

வேல்ஸில் 1543க்கு அப்புறம் நடந்தது எங்கள் குடும்பத்தில் இந்த வருடம் நடந்திருக்கிறது. எழுத்தருக்குப் பதில் ஒரு கட்டம்.

நம் இனிஷியல் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகப் பிறக்கும். என் பெயரின் முதலெழுத்து என் அப்பா. என் மகனுடையது நான். அதில் சாதி இல்லை. உயிரோடு இருந்த ஒரு மனிதர் இருக்கிறார். இப்போது அம்மாவின் எழுத்தையும் சேர்த்துப் போடுகிறார்கள். வெர்க் என்ற சொல்லை இழந்த நாட்டாரைவிட நாம் நன்றாகவே செய்கிறோம். வேல்ஸிலும் சிலர் பிள்ளைகளுக்கு மறுபடி ‘அப்’ போட்டுத் தகப்பன் பெயரை வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நானூறு வருடம் கழித்து அவர்கள் தேடிப் போகிற இடத்தில் நாம் இன்னும் குடியிருக்கிறோம்.

கட்டத்தை நிரப்பத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்கள். அம்மா, ஆச்சி, அவர்களுடைய அம்மா பெயர்கள். வீட்டுப்பேர், விளைப்பேர், அது எப்படி வந்தது என்று பெரியவர்கள் சொல்லும் கதை. எங்கள் ஊர்ப்பக்கம் இதைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் போய்க் கேளுங்கள்.