கேட்டால்தான் சொல்லும்

 

இலங்கையின் வீதிகளில் ஹைபிரிட் கார்கள் இன்று சாதாரணக் காட்சியாகிவிட்டன. பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து ஓடும் இவ்வாகனங்களுள் முன்னோடியானது டொயோட்டா பிரியஸ். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இதன் மூன்றாம் தலைமுறை 2009இல் வெளியாயிற்று. ஜப்பானில் ஓடியபின் இங்கு இறக்குமதியான அத்தகைய கார் ஒன்றுதான் என் மருமகனின் பிழைப்பு. கலைப் பட்டதாரியாகிய எனக்கு இயந்திரக் கலை அந்நியமானது. ஆயினும், அந்தக் காரில் அவன் பொருத்திய சிறிய மானி ஒன்று உணர்த்திய பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அக்காரின் பின் ஆசனத்திற்குப் பின்னால் பெரிய பட்டரி ஒன்று உண்டு. 28 கூறுகள், கூறுக்கு 6 கலங்கள், மொத்தம் 201.6 வோல்ட். உழைக்கும்போது அது சூடேறும். ஆசனத்தின் பக்கத்திலுள்ள துவாரத்தினூடே காரின் உட்காற்றை இழுத்து, ஒரு விசிறி அதைக் குளிர்விக்கிறது. துவாரத்தில் தூசி அடைத்தாலோ, துணி மூடினாலோ பட்டரி வெந்துபோகும். ஓட்டுபவருக்கோ பட்டரியின் நிலை 8 கோடுகளாக மட்டுமே தெரியும். அதன் வெப்பத்தைக் காட்டும் மானி கிடையாது. என்ஜின் குளிர்நீரின் சூட்டைக் காட்டும் முள்ளும் இல்லை. நிலைமை முற்றிய பிறகே சிவப்பு முக்கோணம் எரியும்.

என் மருமகனுக்கு அப்படித்தான் நேர்ந்தது. தூசி அடைத்திருந்தது தெரியாமலே பட்டரி பாழாயிற்று. பெருந்தொகை செலவழித்து வேறொன்று போட வேண்டியதாயிற்று. அதன்பிறகே மானி பொருத்தும் எண்ணம் அவனுக்குப் பிறந்தது.

“மாமா, கார் எல்லாவற்றையும் அறிந்துதான் வைத்திருக்கிறது. நாம் கேட்காததால் சொல்லவில்லை” என்றான்.

காருக்குள் பல கணினிகள் உள்ளன. முறுக்கிய இரு கம்பிகளின் வழியே அவை ஓயாமல் பேசிக்கொள்கின்றன. போஷ் நிறுவனம் 1986இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்ற முறை இது. இச்சபையில் தலைவர் இல்லை. கம்பி அமைதியாக இருக்கும்போது எவரும் பேசலாம். இருவர் ஒரே கணத்தில் தொடங்கினால், அவசரச் செய்தி உடையவர் தொடர்வார். மற்றவர் உடனே மௌனமாகித் தம் முறைக்குக் காத்திருப்பார். ஒரு சொல்லும் சிதைவதில்லை. இதை அவன் விளக்கியபோது, “நம் மஷூரா சபைகள் இதைக் கண்டு வெட்கப்பட வேண்டும்” என்று சொல்லிச் சிரித்தேன்.

ஸ்டீயரிங்கிற்குக் கீழே 16 ஊசிகளுக்கான இணைப்பு வாய் ஒன்று இருக்கிறது. 6ஆம், 14ஆம் இடங்களில் அந்த உரையாடல் ஓடுகிறது. மானி அங்கிருந்து ஒரு கேள்வியை அனுப்பும்; உரிய கணினி ஓர் எண்ணைத் திருப்பித் தரும். குளிர்நீருக்கு வரும் எண்ணிலிருந்து 40ஐக் கழித்தால் வெப்பம் கிடைக்கும். 128 வந்தால் 88 பாகை செல்சியஸ். பட்டரியின் வெப்பத்தைக் கேட்கும் குறியீடுகளோ பொதுவானவை அல்ல. ஆர்வலர்கள் தேடிக் கண்டறிந்து, பிறருக்கும் பகிர்ந்தவை அவை.

இதற்கும் ஒழுங்குகள் உண்டு. கம்பிகளை வெட்டலாகாது. கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் உள்ளன; மூன்றாவதொன்றைச் சேர்த்தால் பேச்சுக் குழம்பும். செம்மஞ்சள் உறையிட்ட உயர் மின்னழுத்த வடங்களை நெருங்கவே கூடாது. 16ஆம் ஊசியில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், கார் நிற்கும் நாட்களில் மானியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் சிறிய 12 வோல்ட் பட்டரி இறங்கிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது, கேட்பதோடு நிற்க வேண்டும். கட்டளையிடத் துணியக் கூடாது.

பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பதை மார்க்கம் தடுத்திருக்கிறதே, இது என்ன வகை என்று நான் யோசித்ததுண்டு. நம் பொறுப்பில் உள்ளதன் நலத்தை, அதனிடமே முறையாகக் கேட்டறிவது துருவி ஆராய்தல் ஆகாது. அது அமானிதத்தைப் பேணுதல்.

மானி பொருத்திய இரண்டாம் மாதம் கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின் ஆசனத்தில் ராத்தாவும் பேரக் குழந்தையும். மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுகையில் எண் 42, 46 என உயர்ந்து 51ஐத் தொட்டது. மருமகன் ஓரமாக நிறுத்தினான். குழந்தையின் போர்வை சரிந்து துவாரத்தை மூடியிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஏசியை ஓடவிட்டுச் சூடு தணியக் காத்திருந்தோம். சிவப்பு முக்கோணம் எரியவேயில்லை.

அந்த ஓய்வில்தான் ராத்தாவின் கைகள் வெறுமையாக இருப்பதைக் கண்டேன். “காப்புகள் எங்கே ராத்தா?” என்றேன். சற்றுத் தயங்கி, “பட்டரி போட்ட நேரம் வித்தேன் தம்பி. ஒருத்தரும் கேட்கல்ல, நானும் சொல்லல்ல” என்றார். மகன் தலை குனிந்து நின்றான். அது சேமிப்புப் பணம் என்றே அவன் எண்ணியிருந்தான்.

வாசகர்களே! நம் இல்லங்களிலும் கேட்டால் மட்டுமே சொல்லும் உள்ளங்கள் பல உள்ளன. முதுமையடைந்த பெற்றோர், புகுந்த வீட்டில் வாழும் மகள், வெளிநாட்டில் உழைக்கும் சகோதரன். இவர்கள் தம் சூட்டைத் தாமே தாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். 8 கோடுகளைப் பார்த்து எல்லாம் நலமே என்று நாம் நிம்மதி கொள்கிறோம். சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருப்பானேன்? அமைதியான நேரம் பார்த்து, கனிவாக, கட்டளையின்றி ஒரு கேள்வி கேட்போம். பதிலைப் பொறுமையுடன் செவிமடுப்போம். அவ்வாறே நம் உள்ளத்தையும் நாள்தோறும் விசாரித்துக்கொள்வோம். முஹாஸபா என்று பெரியோர்கள் கற்பித்தது அதைத்தானே!

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அனைத்தையும் பேணிக் காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.