கைநாட்டுக்கு முன்

சம்பள நாள் கழிந்த மறுநாட் காலையில் ஹற்றன் நகரில் வந்து நிற்கும் தோட்டத்துப் பேருந்துகளிலிருந்து, பொலித்தீன் பையொன்றை மார்போடு அணைத்தவாறு இறங்கும் முதிய பெண்களைக் காணலாம். பைக்குள்ளே பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், கணவனின் மரண அத்தாட்சிப் பத்திரம், பழைய சங்க அட்டை எனப் பல கடதாசிகள் இருக்கும். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். ஆயின், தம் உழைப்பின் பயனைத் தீர்மானிக்கும் அக்கடதாசிகளை வாசித்தறியும் வாய்ப்பு அவர்களிற் பலருக்குக் கிட்டவில்லை. அவர்கள் மனத்தில் எழும் வினா ஒன்றே: எந்தக் கதவை முதலில் தட்டுவது? சங்கக் காரியாலயத்தையா, தொழில் அலுவலகத்தையா, பிரதேச செயலகத்தையா, அன்றி நீதிமன்றத்தை அண்டியுள்ள சட்டத்தரணியின் கதவையா? இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையிலேயே பலரது முதுமைக்காலச் சீவனம் தங்கியுள்ளது.

மலையகத் தொழிலாளருக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு, பிறர் எழுதிய கடதாசிக்கும் அதன் கீழ் இடப்பட்ட கைநாட்டுக்கும் உள்ள உறவாகவே தொடங்கிற்று. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தத்தை முறித்து வேலையை விட்டுச் சென்றவனைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு ‘துண்டு’ எனப்பட்டது. அத்துண்டோடு கடனும், கடனோடு மனிதரும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். 1921 ஆம் ஆண்டிலேயே அம்முறை சட்டத்தால் தடுக்கப்பட்டது.

அதனினும் பெரிய கடதாசிச் சோதனை பிரஜாவுரிமையின் வடிவில் வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்றோராயினோர்க்கு, 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பிக்க இரண்டாண்டுத் தவணை வழங்கிற்று. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டுகளும் மணமாகாதவர் பத்தாண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வசித்தமையை நிறுவுதல் வேண்டும். தவணை முடிந்த 1951 ஓகஸ்ற் மாதத்துள் ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் சார்பில் வந்து சேர்ந்தன. இறுதியில் உரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. உழைத்துக் காட்டிய ஆண்டுகளை எழுத்திற் காட்ட இயலாமற் போனமையே பலரின் தோல்விக்குக் காரணமாயிற்று.

ஈண்டு மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரிய கோடகன்பிள்ளையின் வழக்கு, இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. பிரஜாவுரிமைச் சட்டங்கள் செல்லுபடியானவை என 1953 ஆம் ஆண்டில் அம்மன்றம் தீர்த்தது. சட்டத்தரணியின் ஆற்றல் சட்டத்தின் எல்லைக்கு உட்பட்டது. சட்டமே அநீதியாயின் அதனை மாற்றும் வழி அரசியலில்தான் உண்டு. 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அவ்வழியாகவே வந்தன. ஆயின் அநீதியான சட்டத்தால் இழந்தது வேறு. நல்ல சட்டம் இருந்தும் அறியாமையால் இழப்பது வேறு. இன்று லயங்களில் நேரும் இழப்புகளிற் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அவற்றுள் முதலாவது பெயர்ச் சிக்கல். ‘மாரியாயி’ என்னும் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவாறும், அடையாள அட்டையில் ஒருவாறும், தோட்டத்துச் செக்ரோலில் வேறொருவாறும் எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதிய கைகள் செய்த பிழை, ஓய்வு பெறும் நாளில் சேமலாப நிதியைத் தடுத்து நிறுத்தும். பதிவுத் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் பிரதேச செயலகம். இருவேறு பெயர்களும் ஒருவரையே குறிப்பன எனச் சமாதான நீதவான் முன் செய்யப்படும் சத்தியக் கடதாசியும் பல இடங்களில் உதவும். இதற்குச் சட்டத்தரணிக்குப் பணம் செலவிடல் பெரும்பாலும் வேண்டியதில்லை. வேண்டுவது காலமே. ஐம்பது வயதில் நிதியைப் பெறச் செல்லும் பெண் நாற்பதாவது வயதிலேயே தன் கடதாசிகளை ஒப்பிட்டுப் பார்ப்பாளாயின், அலைச்சலிற் பெரும்பகுதி நீங்கும்.

இரண்டாவது வகை, உழைப்பின் பயன் பற்றியது. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, தொழில்கொள்வோரின் பங்கு 12. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுகளுக்குக் குறையாது உழைத்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட்சம்பளம் உரியது. முப்பது ஆண்டுகளுக்கு அது 420 நாட்சம்பளம் ஆகும். இதனை முப்பது நாட்களுக்குள் கொடுத்தல் வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். கொடுக்கத் தவறினால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். இங்கும் சங்கத்தின் துணையே பெரும்பாலும் போதுமானது. ஆனால், ‘எனக்குரிய யாவற்றையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வாசகத்தின் கீழ், கணக்கைப் பாராமல் வைக்கப்படும் கைநாட்டு பின்னர் அத்தொழிலாளிக்கே எதிர்ச் சான்றாகலாம்.

வேலைநீக்கம் இதனினும் நுட்பமானது. தொழில் நியாய சபையில் தொழிலாளி தானாகவோ, சங்கப் பிரதிநிதி மூலமாகவோ, சட்டத்தரணி மூலமாகவோ தோன்றலாம். ஆயின், நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். ‘துரையுடன் பேசிப் பார்ப்போம்’ என்று கழியும் வாரங்களும் அவ்வாறு மாதத்துள் அடங்கும். நீக்கக் கடிதத்துக்குப் பதிலாகத் தானே விலகுவதாக எழுதிய கடிதத்திற் கையொப்பமிட்டவனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ‘நீக்கினார்கள்’ என்பதை அவன் முதலில் நிறுவவேண்டியிருக்கும். அத்தகைய வழக்குக்கும், சட்டப் பிரச்சினை பற்றி மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்லும் மேன்முறையீட்டுக்கும் சட்டத்தரணி இன்றியமையாதவர்.

தாமதமின்றிச் சட்டத்தரணியை நாடவேண்டிய விடயங்கள் சில உள. அவற்றுள் ஒன்று காணி. ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டு நகரருகே சில பேர்ச் நிலம் வாங்குவோர், வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிப் பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் எழுதப்படாத காணி விற்பனை செல்லாது என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் தொட்டு நிலவும் விதி. காணிப் பதிவகத்தில் உரித்தைத் தேடிப் பார்க்கச் செலவாகும் தொகை, இழக்கக்கூடிய தொகையோடு ஒப்பிடுமிடத்து அற்பமே. தோட்டத்து வீட்டுக்கென வழங்கப்படும் பத்திரமும் உறுதியா, அனுமதியா, வெறுங் கடிதமா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். மற்றொன்று கைது. கைதானவரை இருபத்துநான்கு மணித்தியாலத்துள் நீதவான் முன் நிறுத்துவது விதியாகையால், அன்றே சட்டத்தரணியைத் தேடவேண்டும். மணவிலக்கும் மாவட்ட நீதிமன்றுக்குரியது. அதற்கும் சட்டத்தரணி தேவை. தாபரிப்புக்கோ மனைவி தானே நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் இடந்தருகின்றது.

‘சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசேது? மொழியேது?’ என்ற வினா நியாயமானதே. வசதியற்றோர்க்கு உதவவே 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. நீதிமன்ற மொழியை அறியாத தரப்பினர்க்கு அரசின் செலவில் மொழிபெயர்ப்பு உண்டென அரசியலமைப்பு உறுதி கூறுகின்றது. எனினும், கேட்காதவர்க்கு இவை தாமாக வருவதில்லை. கேட்பதற்கு முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

அறிவிப்பதற்கு ஆளில்லாமலும் இல்லை. கைநாட்டு இட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் அமர்ந்துள்ளனர். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் ஒருவர், பாட்டியின் பொலித்தீன் பையை வாங்கி, உள்ளிருக்கும் கடதாசிகளிற் பெயர்களையும் திகதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். எதற்குச் செயலகம், எதற்குச் சங்கம், எதற்குச் சட்டத்தரணி என்று பிரித்துச் சொல்லவும் அவரால் இயலும். கைநாட்டு விழுந்த பின் சட்டத்தரணி செய்யக்கூடியது சிறிது. விழுமுன் அதனை வாசித்துக் காட்டும் பேரப்பிள்ளை செய்யக்கூடியதோ பெரிது.