புதன்கிழமைப் பாஸ்தா

எங்கட வீடுகளில் பாஸ்தா சமைக்கிற நாளை ஏதோ தோற்றுப்போன நாள் மாதிரிப் பார்க்கிற பழக்கம் இருக்கு. பிள்ளை சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கும், எங்களுக்கும் வேலை முடிந்து வந்த களைப்பு, சரி இன்றைக்குப் பாஸ்தா. ஊரில இருக்கிற பெரியம்மா போனில் "என்ன சமையல்?" என்று கேட்டால் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். ஸ்காபரோவில் வளர்ந்து இப்போது இரண்டு பிள்ளைகளுக்குச் சமைக்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கூச்சம் தேவையில்லை.

இத்தாலியில் வழக்கமாகப் பாஸ்தா முதல் தட்டு. இறைச்சி அதற்குப் பிறகு, வேறு தட்டில் வரும். கோழியையும் பாஸ்தாவையும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிடுகிறது பெரும்பாலும் கடல் கடந்துபோன இத்தாலியர்களின் பழக்கம். 1880 முதல் 1920 வரை ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்கா போனார்கள். கனபேர் தெற்கு இத்தாலியின் ஏழைக் கிராமத்துச் சனம். ஊரில் இறைச்சி திருநாளைக்குத்தான். போன இடத்தில் அது கைக்கெட்டியது. ஊரில் கத்தரிக்காயில் செய்த பார்மிஜானா அங்கே கோழியில் வந்தது. ஆக, எங்கட பிள்ளைகள் கேட்கிற "இத்தாலியச் சாப்பாடு" எங்களைப்போல இடம்பெயர்ந்த ஒரு சனத்தின் சாப்பாடு.

தக்காளியும் இத்தாலியில் பிறந்ததில்லை. 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. மிளகாயும் அங்கேயிருந்து போர்த்துக்கேயரோடு எங்கட பக்கம் வந்ததுதான். அதற்கு முன் எங்களுக்கு உறைப்பென்றால் மிளகு. இன்றைக்கு மிளகாய் இல்லாத யாழ்ப்பாணக் கறித்தூளை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா?

சமையல் லேசு. நாலு பேருக்கு எலும்பில்லாத கோழித்தொடை 600 கிராம். உப்பு, மிளகு தடவி, ஒலிவ் எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்கப் பொரித்து எடுத்து வையுங்கோ. அதே சட்டியில் ஒரு வெங்காயம், நாலு பல்லு உள்ளி, இரண்டு செத்தல் மிளகாய் போட்டு வதக்கி, பெரிய தக்காளி ரின் ஒன்றை மசித்து விடுங்கோ. ரோஸ்மேரி இருந்தால் ஒரு கொப்பு. கோழியைத் திரும்பப் போட்டு மெல்லிய நெருப்பில் 25 நிமிடம். பாஸ்தா 400 கிராமுக்கு நாலு லீற்றர் தண்ணி, இரண்டு மேசைக்கரண்டி உப்பு. பெட்டியில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னரே இறக்கி, அவித்த தண்ணியில் ஒரு கோப்பை எடுத்து வைத்துவிட்டு வடியுங்கோ. அந்தத் தண்ணியில் இருக்கிற மாப்பசைதான் எண்ணெயையும் தக்காளியையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும். பாஸ்தாவையும் அந்தத் தண்ணியில் கொஞ்சத்தையும் சட்டியில் விட்டு ஒரு நிமிடம் பிரட்டினால் முடிந்தது.

இனி எங்கட வீட்டுக் கதை. அம்மா எங்களோடு இருக்கிறா. எட்டு வயது மகள் அப்பம்மாவுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவாள். அம்மாவின் ஆங்கிலம் கடைக்குப் போய்வர மட்டும் காணும். ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டு பேருக்கும் இடையில் ரீவிதான் பேசும். தமிழ் வகுப்பில் மகள் எழுத்துப் படிக்கிறாள். "வதக்கு", "அவிய விடு", "அடிப்பிடிக்குது" எல்லாம் அங்கே வராது.

கோழிக்கறி சமைக்கிற நாளில் அம்மா எசமானி, மகளுக்கு அடுப்படியில் இடமில்லை. புதன்கிழமை அப்படியில்லை. பாஸ்தா அம்மாவுக்குப் புதிது, வதக்குகிறது மகளுக்குப் புதிது. "உள்ளியைக் கருக விடாதை, பிள்ளை" என்று அம்மா சொல்லுவா. பாஸ்தா எப்போது வெந்தது என்று அம்மாவுக்குச் சொல்ல மகளுக்குத் தமிழ் தேவைப்பட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பம்மா, நடுவில கொஞ்சம் கடிபடவேணும்."

அம்மாவின் கவலை இன்னும் தீரவில்லை. "இதையே சாப்பிட்டுப் பழகினா, நாளைக்குப் புட்டு அவிக்க ஆர் இருக்கினம்?" நியாயமான கேள்வி. இத்தாலியரின் பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேரிடம் பாட்டியின் தக்காளிக் குழம்பு இருக்கு, பாட்டியின் ஊர்ப்பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் மொழியைக் காப்பாற்றாது. அடுப்படியில் நின்று என்ன பேசுகிறோம் என்பதில்தான் விசயம் இருக்கு. அது புட்டானாலும் சரி, பாஸ்தாவானாலும் சரி.

இந்தக் கிழமை நீங்கள் பாஸ்தா சமைக்கிறதென்றால், தண்ணி கொதிக்கிறதுக்கு முதலே அம்மாவையோ மாமியையோ கூப்பிட்டு வெங்காயத்தைக் கையில் கொடுங்கோ. நேரம் பார்க்கிற வேலையைப் பிள்ளையிடம் விடுங்கோ. நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று தட்டுகளைக் கழுவுங்கோ.